சுண்டெலிக்கு யார் சாட்சி?

பாம்புக்கடிக்கு வைத்தியசாலையில் ஏற்றும் விஷமுறி மருந்து குதிரையின் இரத்தத்திலிருந்து வருகிறது. பாம்பின் விஷத்தைச் சிறிது சிறிதாகக் குதிரைக்கு ஏற்றுவார்கள். அதன் உடல் விஷத்துக்கு எதிராக உண்டாக்கும் பிறபொருளெதிரிகளைப் பிரித்தெடுத்து, சுத்தம் செய்து குப்பியில் அடைப்பார்கள். 1890களில் பிரான்சில் அல்பேர் கல்மெற் தொடங்கிவைத்த வழி இது. நூறு வருடங்களுக்கு மேலாகியும் அடிப்படை மாறவில்லை.

உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். நிர்ப்பீடனப் பாடத்தில் இந்த இடம் வரும்போது பிள்ளைகளில் யாராவது ஒருத்தர் கை தூக்கி, "டீச்சர், அப்ப அந்தக் குதிரைக்கு என்ன ஆகும்?" என்று கேட்காமல் விடுவதில்லை. குதிரை சாவதில்லை, இரத்தம் எடுத்தபின் சிவப்பணுக்களைத் திரும்ப அதன் உடம்புக்கே ஏற்றும்படி உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டியிருக்கிறது என்று சொல்வேன். பாடப்புத்தகத்தில் இல்லாத இன்னொரு விலங்கும் இதில் உண்டு. அதையும் சொல்லிவிட்டுத்தான் அடுத்த பக்கத்துக்குப் போவேன். அது வெள்ளைச் சுண்டெலி.

தயாரித்த மருந்து வேலை செய்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? முதலில் விஷத்தை மட்டும் வெவ்வேறு அளவுகளில் சுண்டெலிகளுக்கு ஏற்றி, பாதி சாகும் அளவு எதுவென்று கண்டுபிடிப்பார்கள். பிறகு விஷத்தோடு மருந்தைக் கலந்து ஏற்றி, எவ்வளவு மருந்துக்குப் பாதி பிழைக்கின்றன என்று கணக்கெடுப்பார்கள். ஒவ்வொரு சுண்டெலியும் 18 முதல் 20 கிராம்தான் இருக்கும். ஒவ்வோர் அளவுக்கும் ஐந்து, ஆறு என்று குழுவாகப் பிரிப்பார்கள். விரியன் விஷம் தசையை அழுகவைக்கும், இரத்தம் உறைவதைக் குலைக்கும். அது உடம்பில் ஏறிய பிறகு ஒரு நாள், இரண்டு நாள் வரை பார்த்துக்கொண்டிருப்பதுதான் பரிசோதனை. வலிநிவாரணி கொடுத்தால் முடிவு பிழைத்துவிடும் என்ற பயத்தில் நெடுங்காலம் அதுகூடக் கொடுக்கப்படவில்லை. இப்போது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி வலிநிவாரணியைப் பரிசீலிக்கச் சொல்கிறது. சாவு வரும்வரை காத்திருக்காமல் முன்கூட்டியே முடித்துவிடும் வழிகளையும் பேசுகிறது.

இதை முழுதாக நிறுத்து என்று என்னால் சொல்ல முடியாது. ஏன் முடியாது என்பதற்கு இலங்கையின் மலையகத்திலேயே, நான் வாழும் இடத்திலேயே, காரணம் இருக்கிறது.

இலங்கையில் 2012-13இல் வீடு வீடாக நடத்திய கணக்கெடுப்பின்படி, ஒரே வருடத்தில் ஏறத்தாழ 80,000 பேரைப் பாம்பு கடித்திருக்கிறது, 464 பேர் இறந்திருக்கிறார்கள். இதில் பெரும்பகுதி நிலத்தில் வேலை செய்கிறவர்கள். நமக்கு வரும் மருந்து இந்தியாவில் செய்வது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கின் விஷத்துக்காக உருவானது. அந்த விஷத்தின் பெரும்பங்கு தமிழ்நாட்டில் வடநெம்மேலியில் இருக்கும் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது. நம் தேயிலை மலைகளில் கடிக்கும் பாம்போ பெரும்பாலும் வேறு. மூக்கு நுனி மேலே வளைந்த சின்னக் குழிவிரியன், சிங்களத்தில் பொலொன் தெலிஸ்ஸா. செடியின் அடியில், காய்ந்த சருகுக்குள் சருகின் நிறத்திலேயே சுருண்டு கிடக்கும். இந்திய மருந்து அதன் விஷத்தை முறிக்காது. கடித்தவர்களில் பலர் வீக்கத்தோடு தப்பிவிடுவார்கள். சிலருக்குச் சிறுநீரகம் போய்விடும்.

எங்கள் பெரியம்மாவுக்கு அது நடந்தது. புல் வெட்டும்போது கையில் கடித்தது. கை வீங்கியதைத் தோட்டத்தில் யாரும் பெரிதாக எடுக்கவில்லை, சிறுநீர் நின்ற பிறகுதான் பெரிய வைத்தியசாலைக்குக் கொண்டுபோனோம். அங்கே டொக்டர்மார் தங்களால் ஆனதையெல்லாம் செய்தார்கள். ஆனால் ஏற்றுவதற்கு மருந்து இல்லை. இரத்தச் சுத்திகரிப்பு செய்து செய்து, உடம்பு தானாகத் தேறும்வரை காத்திருந்தார்கள். பெரியம்மா தேறினார். அதே விடுதியில் இருந்த இன்னொருவர் தேறவில்லை.

2010களில் பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கொஸ்டாரிக்காவின் குளோடோமிரோ பிக்காடோ நிறுவனத்தோடு சேர்ந்து, இலங்கைப் பாம்புகளின் விஷத்தைக் கொண்டே, இந்த விரியனுக்கும் சேர்த்து ஒரு மருந்து செய்யும் வேலையில் இறங்கினார்கள். அந்தச் செய்தியை நான் பெரியம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். எப்படிச் செய்வார்கள் என்று கேட்டார். குதிரையையும் சுண்டெலியையும் பற்றிச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"அந்த வெசத்த ஏத்துறப்ப எலிக்கு நோகும்தானே புள்ள?"

"நோகும் பெரியம்மா."

"நோகாமப் பாத்துக்க அங்க ஆள் வச்சிருக்காங்களா?"

செய்யலாமா கூடாதா என்று பெரியம்மா கேட்கவில்லை. அந்த விஷம் உடம்பில் ஏறினால் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். மருந்து வேண்டும் என்றும் தெரியும். யார் பார்க்கிறார்கள் என்றுதான் கேட்டார். கொழுந்து நிறுக்கும் இடத்தில் தராசைப் பிடிப்பவரும் கழிவு கிலோவை வெட்டுபவரும் ஒரே ஆளாக இருந்தால் என்ன நடக்கும் என்று ஆயுள் முழுக்க அனுபவித்த ஒருத்தர் வேறு எதைக் கேட்பார்? விலங்கு ஆராய்ச்சியின் அறத்தைப் பற்றி நான் வாசித்த எத்தனையோ பக்கங்களில் இந்தக் கேள்விதான் பதில் சொல்ல மிகக் கடினமானது. ஏனென்றால் இலங்கையில் சட்டப்படி அப்படி ஓர் ஆள் இல்லை.

நம்மிடம் இருப்பது 1907ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க மிருகவதைத் தடைக் கட்டளைச் சட்டம். வீட்டு விலங்கும் பிடித்து அடைத்த விலங்கும் அதில் அடங்கும். அடிப்பது, அளவுக்கு மீறி ஓட்டுவது, பட்டினி போடுவது குற்றம். ஆகக்கூடிய தண்டப்பணம் 100 ரூபா, அல்லது மூன்று மாதச் சிறை. மாட்டு வண்டிகள் கண்டி வீதியில் தேயிலைப் பெட்டி ஏற்றிப்போன காலத்துச் சட்டம் அது. அந்த மாட்டுக்காக எழுதப்பட்டது. ஊசியும் கூண்டும் உள்ள ஆய்வுகூடத்தை நினைத்து எழுதப்படவில்லை.

வெள்ளைக்காரருக்கு அந்த ஆய்வுகூடம் தெரியாதா என்றால், நன்றாகத் தெரியும். தங்கள் நாட்டில் 1876லேயே அதற்கென்று தனிச் சட்டம் போட்டுவிட்டார்கள். உயிருள்ள விலங்கில் பரிசோதனை செய்ய அனுமதிப்பத்திரம் வேண்டும், மயக்கமருந்து வேண்டும், பரிசோதகர்கள் வந்து பார்ப்பார்கள். உலகில் இந்த விடயத்துக்கான முதல் சட்டம் அதுதான். அதே 1907இல், டிசம்பர் மாதம், இலண்டனில் மருத்துவ மாணவர்கள் ஒரு நாய்ச்சிலைக்கு எதிராக வீதியில் கலகம் செய்தார்கள். 1903இல் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் வில்லியம் பெய்லிஸ் என்ற உடலியல் அறிஞர் ஒரு பழுப்பு நிற நாயை மாணவர் முன் அறுத்துக் காட்டினார். நாய்க்கு மயக்கம் சரியாக இல்லை, முன்பே ஒரு தடவை அறுத்த நாயைத் திரும்பவும் அறுத்தார்கள் என்று அங்கே உட்கார்ந்திருந்த சுவீடன் நாட்டுப் பெண்கள் இருவர், லிஸி லிண்ட் அவ் ஹாகெபியும் லீசா ஷார்ட்டாவும், எழுதிவிட்டார்கள். அதை மேடையில் சொன்ன, விலங்குப் பரிசோதனையை எதிர்த்த ஸ்டீவன் கோல்றிட்ஜ் மேல் பெய்லிஸ் மானநட்ட வழக்குப் போட்டு 2,000 பவுண் வென்றார். ஆனாலும் 1906இல் பட்டர்சீயில் அந்த நாய்க்குச் சிலை வைத்தார்கள். விலங்குப் பரிசோதனையை விசாரிக்க அரச ஆணைக்குழு ஒன்று உட்கார்ந்தது. சிலை 1910இல் இரவோடிரவாக அகற்றப்பட்டது.

பெய்லிஸ் கொடியவர் அல்லர். அந்த நாயை அறுத்ததற்கு முந்திய வருடம், 1902இல், அவரும் ஸ்ராலிங்கும் செக்ரெற்றின் என்ற ஓமோனைக் கண்டுபிடித்தார்கள். ஓமோன் என்ற பாடமே அங்கிருந்துதான் தொடங்குகிறது, நானும் அதைப் படிப்பிக்கிறேன். அதுவும் நாயில் செய்த பரிசோதனைதான். எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. அந்தப் பெண்கள் தோற்றார்கள், ஆனாலும் அவர்களுக்குப் போராட ஒரு தளம் இருந்தது. இத்தனையாம் பிரிவின்படி இதைச் செய்திருக்கக் கூடாது என்று சொல்ல முடிந்தது. அறுத்தவர் நீதிமன்றத்தில் நின்று, என்ன செய்தேன், எப்படிச் செய்தேன் என்று விவரிக்க வேண்டியிருந்தது. மாணவர் கலகம் நடந்த அதே 1907இல் இலங்கைக்கு எழுதிய சட்டத்தில் அந்தப் பகுதி வரவில்லை. இன்றைக்கு ஒரு மாணவி இலங்கை ஆய்வுகூடம் ஒன்றில் எதையாவது கண்டு மனம் பொறுக்காமல் எழுதினால், எந்தப் பிரிவைக் காட்டி எழுதுவாள்?

1907இல் இன்னொன்றும் நடந்தது. நீலகிரியில் குன்னூரில் பாஸ்டர் நிலையம் தொடங்கியது, விசர்நாய்க்கடிக்குத் தடுப்பூசி செய்ய. குன்னூர் மலையகத்தாருக்கு அந்நிய ஊர் இல்லை. 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் கப்பலேறியவர்களில் எத்தனையோ குடும்பங்கள் அந்த மலைகளில்தான் திரும்பவும் தேயிலைக்குள் போய் நின்றன. எங்கள் உறவும் அங்கே உண்டு. நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றி ஊசி என்று இரண்டு நாட்டு மலைகளிலும் பிள்ளைகளைப் பயமுறுத்திய அந்தப் பழைய தடுப்பூசி, செம்மறியாட்டின் மூளையில் வைரஸை வளர்த்துச் செய்தது. ஒவ்வொரு தொகுதிக்கும் ஆடுகளுக்கு நோயை ஏற்றி, அவை நோயில் விழுந்தபின் மூளையை எடுப்பார்கள். பதினான்கு ஊசி வரை போட வேண்டும். ஆட்டு மூளையின் திசு நம் உடம்புக்குள் போவதால் சிலருக்கு நரம்பு பாதித்துப் பக்கவாதம்கூட வந்தது. 1984இல் இந்த வகையைக் கைவிடும்படி உலக சுகாதார நிறுவனம் சொன்னது. பிறகு ஆய்வுகூடக் கிண்ணங்களில் வளர்க்கும் கலங்களிலிருந்து தடுப்பூசி வந்தது. கையில் சில ஊசிகளோடு முடிந்தது. ஆடும் தப்பியது, மனிதருக்கும் நல்ல மருந்து கிடைத்தது.

விலங்குக்கு இரங்கினால் மனிதர் சாவார்கள் என்று யாராவது வாதாடும்போது எனக்கு இந்த ஆடுகள்தான் ஞாபகம் வரும். 1959இல் ரஸலும் பேர்ச்சும் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் மூன்று கடமைகளை வகுத்தார்கள். விலங்கு இல்லாமல் செய்ய முடியுமென்றால் அப்படிச் செய். முடியாதென்றால் குறைந்த எண்ணிக்கையில் செய். அதுவும் வேண்டுமென்றால் ஆகக் குறைந்த வலியோடு செய். இன்று உலகம் முழுக்க ஆராய்ச்சி விதிகள் இந்த மூன்றின் மேல்தான் நிற்கின்றன. 2022 டிசம்பரில் அமெரிக்கா, புதிய மருந்தை மனிதரில் சோதிக்கும் முன் விலங்கில் சோதித்தே ஆக வேண்டும் என்று 1938இலிருந்து சட்டத்தில் இருந்த கட்டாயத்தை எடுத்துவிட்டது. அந்தக் கட்டாயமும் வீணாக வந்ததல்ல. 1937இல் சோதிக்காமல் விற்ற ஒரு பாணி மருந்து நூறு பேருக்கு மேல் கொன்றது, பலர் குழந்தைகள். இரண்டு பக்கமும் பிணங்கள் இருக்கிற வழக்கு இது. அதனால்தான் ஆய்வாளரின் நல்ல மனசை நம்பி மட்டும் இதை விட்டுவிடக் கூடாது என்கிறேன்.

நல்ல மனசு இல்லை என்று நான் சொல்லவில்லை. நம் பல்கலைக்கழகங்களில் அறநெறிக் குழுக்கள் இருக்கின்றன. ஏன் விலங்கு வேண்டும், எத்தனை வேண்டும், வலியை எப்படிக் குறைப்பீர்கள், கடைசியில் எப்படி முடிப்பீர்கள் என்று கேட்கும் படிவங்கள் உண்டு. வெளிநாட்டு ஆய்விதழ்கள் அந்த ஒப்புதல் இல்லாமல் கட்டுரையை ஏற்பதில்லை. காட்டு விலங்கென்றால் வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும், அதற்கு 1937இன் கட்டளைச் சட்டம் இருக்கிறது. ஆனால் கூண்டுக்குள் பிறந்து கூண்டுக்குள் சாகிற சுண்டெலிக்கும் முயலுக்கும் இருப்பது குழுக்களின் ஒழுங்கு மட்டும்தான். படிவத்தில் எழுதியதை மீறினால் கேட்க நாட்டின் சட்டத்தில் தனி அதிகாரி இல்லை. பல்கலைக்கழகத்துக்கு வெளியே, கட்டுரை எழுதும் எண்ணமே இல்லாமல் ஒருவர் பரிசோதனை செய்தால், அந்தப் படிவமும் அவருக்குத் தேவையில்லை.

புதிய விலங்கு நலச் சட்டமூலம் ஒன்றைச் சட்ட ஆணைக்குழு 2006இல் வரைந்தது. 2016 ஜனவரியில் அமைச்சரவை ஒப்புதலும் கிடைத்தது. அதன் பிறகும் பாராளுமன்றத்தைத் தாண்டாமல் வருடங்கள் போயின. இதற்கிடையில் 2018இல், இந்துக் கோயில்களில் விலங்கையும் பறவையையும் பலியிடுவதைத் தடைசெய்யும் சட்டமூலத்துக்கு அமைச்சரவை ஒப்புதல் வந்தது.

நான் பலியை ஆதரிக்கவில்லை. எங்கள் தோட்டத்தில் முனியாண்டிக்குக் கிடாய் வெட்டிய நாட்களில் நான் வீட்டுக்குள்ளேயே இருப்பேன். ஆனாலும் இந்த வரிசை என்னை உறுத்துகிறது. வருடத்தில் ஒரு நாள், ஊரே பார்க்க, ஒரே வெட்டில் சாகிற ஆடு சட்டம் எழுதுபவர்களின் கண்ணுக்குப் பட்டது. கதவு மூடிய அறையில் இரண்டு நாள் விஷத்தில் கிடந்து சாகிற சுண்டெலி படவில்லை. வெட்டுகிறவர் தோட்டத் தொழிலாளி, ஊசி போடுகிறவர் படித்தவர் என்பதும் அதில் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். கொடுமை என்று பெயர் வைக்கும்போது நாம் யாருடைய கையைப் பார்க்கிறோம் என்பதை அமைச்சர்மார் மட்டுமல்ல, நாமும் யோசிக்க வேண்டும்.

2023 ஏப்ரலில் குரங்கு விவகாரம் வந்தபோது இதே கேள்வி வேறு உருவத்தில் வந்தது. இலங்கையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத செங்குரங்குகளில் ஒரு இலட்சத்தைச் சீனாவுக்கு அனுப்பக் கோரிக்கை வந்திருப்பதாக விவசாய அமைச்சர் சொன்னார். மிருகக்காட்சிசாலைகளுக்கு என்றார்கள். ஒரு இலட்சம் குரங்குக்கு எத்தனை காட்சிசாலை வேண்டும் என்று யோசித்தவர்கள், இது ஆய்வுகூடங்களுக்குத்தான் போகும் என்று பயந்தார்கள். சீனத் தூதரகம் தனக்கு எதுவும் தெரியாது என்றது. சுற்றாடல் அமைப்புகள் மேன்முறையீட்டு நீதிமன்றம் போயின. ஏற்றுமதி செய்வதில்லை என்று சட்டமா அதிபர் அதே வருடம் நீதிமன்றத்துக்குத் தெரிவித்தார்.

எங்கள் ஊரில் அந்த நாட்களில் பலர், "கொண்டு போனா நல்லது" என்றுதான் சொன்னார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. லயத்துத் தகரத்தைக் கிளப்பி அரிசியை இறைத்துவிட்டுப் போகும் குரங்கோடு வாழ்வது அவர்கள். போட்ட போஞ்சியை எடுக்க விடாத குரங்கு அது. ஆனால் தொல்லை தருகிற உயிர் என்பதற்காக அதன் மேல் எதையும் செய்யலாம் என்று விட்டுவிட முடியாது. இந்தியாவிலிருந்து ரீசஸ் குரங்குகள் பல வருடங்களாக அமெரிக்காவுக்குப் போயின. போலியோ தடுப்பூசி அவற்றின் சிறுநீரகக் கலங்களில்தான் வளர்ந்தது. மருத்துவ ஆய்வுக்கு மட்டும் என்பதுதான் உடன்பாடு. பிறகு இராணுவக் கதிர்வீச்சுப் பரிசோதனைகளிலும் குரங்குகளைப் பயன்படுத்தினார்கள் என்று தெரியவர, 1978இல் மொரார்ஜி தேசாய் அரசாங்கம் ஏற்றுமதியை நிறுத்தியது. கப்பலேறிய பிறகு உடன்பாட்டைக் காப்பாற்ற யாராலும் முடியவில்லை.

செங்குரங்கைப் பற்றி உலகத்துக்கு இன்று தெரிந்த பெரும்பாலானவை ஒரு ஊசிகூடப் போடாமல் தெரிந்துகொண்டவை என்பதையும் சொல்ல வேண்டும். வுல்ஃப்காங் டிட்டஸ் 1968இலிருந்து பொலன்னறுவையில் அவற்றின் குடும்பங்களைத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்து எழுதினார். என் மாணவர்களிடம் விஞ்ஞானம் என்றால் அறுப்பது என்ற எண்ணம் இருக்கும்போதெல்லாம் அவரைப் பற்றிச் சொல்வேன்.

பிரித்தானியா ஒவ்வொரு வருடமும் தன் நாட்டில் நடந்த விலங்குப் பரிசோதனைகளின் எண்ணிக்கையை வெளியிடுகிறது. 2023இல் ஏறத்தாழ 26 இலட்சத்து 80 ஆயிரம். பெரிய எண்தான், கூசவைக்கிற எண். ஆனால் எந்த விலங்கு, எதற்காக, வலி இலேசா நடுத்தரமா கடுமையா என்று பிரித்துப் போடுகிறார்கள், யாரும் எடுத்து வாசித்துச் சண்டை பிடிக்கலாம். நம் நாட்டுச் சட்டத்தில் முதலில் வேண்டியது அதுதான். எத்தனை சுண்டெலி, எத்தனை முயல், எத்தனை குதிரை என்று வருடந்தோறும் எல்லாரும் பார்க்க ஒரு கணக்கு. இடத்துக்கும் ஆளுக்கும் தனித்தனி அனுமதிப்பத்திரம். சொல்லாமல் வந்து கதவைத் தட்டும் அதிகாரமுள்ள கால்நடை வைத்தியர்கள், அவர்களுக்குச் சம்பளம் அந்த ஆய்வுகூடத்திலிருந்து வரக் கூடாது. வேறு வழி இருக்கும்போது விலங்கை எடுத்தால் அதுவே குற்றமாக வேண்டும். அழகுசாதனப் பொருளுக்காக விலங்கில் சோதிப்பதை ஐரோப்பாவும் இந்தியாவும் பத்து வருடங்களுக்கு முன்பே விட்டுவிட்டன. நாம் அதைச் சட்டத்தில் எழுதிவைக்க ஒரு தடையும் இல்லை.

இன்னொன்று, இதை யாரும் கேட்டு நான் காணவில்லை. ஐரோப்பாவில் அனுமதி பெற்ற ஒவ்வொரு திட்டத்துக்கும் சாதாரண ஆளுக்குப் புரியும் சுருக்கம் ஒன்று வெளியாக வேண்டும் என்பது விதி. இங்கே அப்படி ஒரு விதி வந்தால், அந்தச் சுருக்கம் சிங்களத்திலும் தமிழிலும் இருக்க வேண்டும். ஒப்புதல் கொடுக்கும் குழுவில் பேராசிரியர்களோடு, அந்த மருந்து யாருக்காகச் செய்யப்படுகிறதோ அவர்களில் ஒருத்தருக்கு இடம் வேண்டும். பாம்புக்கடி மருந்தென்றால் வயலிலோ மலையிலோ வேலை செய்கிற ஒருத்தர், பேச்சும் வாக்கும் உள்ளவராக, போக்குவரத்துச் செலவும் அன்றைய நாள் சம்பளமும் கொடுத்து அழைக்கப்பட்டவராக.